ஒட்டகம் பாலைவனத்துக்காகவே உருவானதா? தகவமைப்பு பற்றி ஒரு விவாதம்

வினாமகள்

வணக்கம் நண்பர்களே. பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வாழிடங்கள் பாடம் வந்தாலே ஓர் அட்டவணை போட்டுவிடுவது வழக்கம். பாலைவனம் என்றால் ஒட்டகம், கள்ளி. துருவம் என்றால் பனிக்கரடி, பெங்குவின். ஆழ்கடல் என்றால் ஒளிரும் மீன். எதிரே 'இந்த உறுப்பு இதற்காக' என்று ஒரு வரி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் "பாலைவனத்துக்குப் போகப்போகிறோம் என்று ஒட்டகத்துக்கு முன்பே எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த அட்டவணையில் பதில் இல்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு என்பது வரை தெரியும். அப்படியானால் ஒட்டகம் தண்ணீர் இல்லாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இரண்டாவது, 'சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது' என்று பாடத்தில் சொல்கிறோமே, அது சரியா?

மணற்காற்று

முதல் கேள்விக்கு நான் வருகிறேன்.

கொழுப்பு எரியும்போது தண்ணீர் உண்டாகும் என்பது உண்மை. ஒரு கிராம் கொழுப்புக்கு ஒரு கிராமுக்குச் சற்று கூடுதலாகவே கிடைக்கும். அதை வைத்துத் திமிலை மறைமுகத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு விட வேண்டும், வறண்ட காற்றில் விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியே போகும். வந்தது அப்படியே போய்விடுகிறது. திமில் சாப்பாட்டுக் கையிருப்பு, அவ்வளவுதான். ஒன்று சொல்லலாம்: கொழுப்பு ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் மற்ற பாகங்களில் அது போர்வை மாதிரி மூடிக்கொள்ளவில்லை, உடம்புச் சூடு வெளியேற வழி இருக்கிறது.

உண்மையான திறமை உடல் வெப்பநிலையில் இருக்கிறது. 1950களில் க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் சஹாராவில் ஒட்டகங்களை வைத்து அளந்து பார்த்தார். தாராளமாகத் தண்ணீர் கிடைக்கும் ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை ஒரு நாளில் 2 டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்கியது. தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்துக்கோ விடியலில் 34 டிகிரியை ஒட்டியும், பிற்பகலில் 40 டிகிரிக்கு மேலும் போனது. மனிதனுக்கு 40 டிகிரி என்றால் படுக்கையில்தான் இருப்பான். ஒட்டகம் நடந்துகொண்டிருக்கும்.

இதனால் என்ன லாபம்? 500 கிலோ எடையுள்ள ஒட்டகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் உடம்பு 6 டிகிரி சூடேற ஏறத்தாழ 2,400 கிலோகலோரி உள்ளே போக வேண்டும். அதே வெப்பத்தை வியர்த்துத் தள்ள வேண்டுமென்றால், ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி ஆகும் என்ற கணக்கில், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும். ஒட்டகம் அந்த வெப்பத்தைப் பகலில் கடனாக வாங்கி, இரவுக் குளிரில் அடைத்துவிடுகிறது. அந்த அளவுக்கு வியர்க்கத் தேவையில்லை. அதோடு, உடம்பே சூடாக இருக்கும்போது வெளிக்காற்றுக்கும் உடம்புக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது, புதிதாக உள்ளே ஏறும் வெப்பமும் குறைகிறது.

அப்புறம், மூச்சை வெளியே விடும்போது மூக்கின் உட்சுவரிலேயே ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பணுக்கள் நீள்வட்டமாக இருக்கின்றன. ரத்தம் கெட்டியானாலும் ஓடும், ஒரேயடியாகத் தண்ணீர் உள்ளே வந்தால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் வெடிக்காது. பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்த ஒட்டகம் பதிவாகியிருக்கிறது. மற்ற விலங்குகள் பலவும் அந்த வேகத்தில் குடித்தால் செத்துப்போகும்.

சிறகன்

மணற்காற்று சொன்னது அருமை. மாணவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், 'பாலைவனத்துக்காகவே' என்ற எண்ணம் தானாக ஆட்டம் காணும்.

ஒட்டகக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அது வந்தது ரொம்பப் பிற்காலத்தில். கனடாவின் வட கோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு உள்ளே, எல்ஸ்மியர் தீவு இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புத் துண்டுகள் ஒட்டகக் கால் எலும்பு என்று 2013-ல் அறிவித்தார்கள். வயது சுமார் 35 லட்சம் ஆண்டுகள். துண்டுகள் சின்னவை, வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்லியிருக்க முடியாது. எலும்பில் மிஞ்சியிருந்த கொல்லாஜன் புரதத்தை இன்றைய விலங்குகளோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்தார்கள். இன்றைய ஒட்டகத்தைவிடப் பெரிய உருவம். அந்தக் காலத்தில் அது காடு. ஆனாலும் குளிர்காலம் நீண்டது, பனி பெய்யும், மாதக்கணக்கில் சூரியனே வராது.

அப்படிப்பட்ட இடத்தில் ஆறு மாதச் சாப்பாட்டை முதுகில் வைத்திருப்பதும், பனியில் புதையாத அகன்ற பாதமும் நன்றாகவே உதவியிருக்கும். மணலில் உதவும் உறுப்புகள் பனியில் தொடங்கியிருக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் கருதுகிறார்கள். திமில் எலும்பு அல்ல, புதைபடிவமாகக் கிடைக்காது, எனவே இது கருத்துதான், நிரூபணம் இல்லை. ஆனால் பாலைவனத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒட்டகம் ஒட்டகமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

நேர்கோடு

எல்லாம் சரி, இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. தாழ்நிலத்தில் இருப்பவர் உயரமான மலைக்குப் போய் சில வாரம் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணு கூடுகிறது. உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதுவே பல தலைமுறை தொடர்ந்தால் பரம்பரைக் குணமாகிவிடும். ஆக 'தன்னை மாற்றிக்கொண்டது' என்று பாடத்தில் சொல்வது சரிதான் என்பது என் கருத்து.

இலைநரம்பு

நேர்கோடு, நீங்கள் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள். ஓர் உயிர் தன் ஆயுளுக்குள் பழகிக்கொள்வது ஒன்று. ஒரு கூட்டத்தின் பரம்பரையே மாறுவது இன்னொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டிய ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜென்ஸ் கிளாசன், டேவிட் கெக், வில்லியம் ஹீஸி என்ற மூவர் கலிபோர்னியாவில் மூன்று தோட்டங்கள் போட்டார்கள். ஒன்று ஸ்டான்ஃபோர்டில், கடல் மட்டத்தை ஒட்டி. இரண்டாவது மேதர் என்ற இடத்தில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில். மூன்றாவது சியரா நெவாடா மலையில், மரங்கள் நின்றுபோகும் எல்லையில், சுமார் 3,050 மீட்டரில். கடலோரத்திலிருந்து உச்சி வரை தானாக வளரும் பொட்டென்டில்லா என்ற பூச்செடியை எடுத்துக்கொண்டார்கள். வெவ்வேறு உயரத்திலிருந்து செடிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு செடியையும் துண்டுகளாகப் பிரித்து, மூன்று தோட்டத்திலும் நட்டார்கள். அதாவது மூன்று இடத்திலும் நிற்பது ஒரே செடி, ஒரே மரபணு. இடம் மட்டும்தான் வேறு.

என்ன நடந்தது? ஒரே செடியின் துண்டுகள் இடத்துக்கு இடம் வேறு மாதிரி வளர்ந்தன. உயரம் மாறியது, பூக்கும் காலம் மாறியது. இது நீங்கள் சொன்ன பழகிக்கொள்ளுதல். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. கடலோரச் செடியின் துண்டுகள் உச்சித் தோட்டத்தில் பிழைக்கவில்லை. உச்சிமலைச் செடியின் துண்டுகள் இதமான தாழ்நிலத்துக்கு வந்த பிறகும் கடலோரச் செடி போல ஆகிவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் கவனித்தும் ஒன்று மற்றொன்றாக மாறவே இல்லை. அந்த வித்தியாசம் விதையோடு வந்தது. 1940-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள். இன்றுவரை தாவரச் சூழலியல் படிக்கிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

உங்கள் மலை உதாரணத்துக்கே வருவோம். சிவப்பணு கூடுவது பரம்பரையாகிவிடும் என்றால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் திபெத்திய உயர்நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மிக அதிகமாக இருக்க வேண்டும். நடந்திருப்பது நேர் எதிர். அதே உயரத்துக்கு ஏறிவரும் தாழ்நிலத்தாருக்கு இருப்பதைவிடத் திபெத்தியர்களுக்குக் குறைவு. இபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடம் பரவலாக இருக்கிறது, அது ஹீமோகுளோபின் எகிறாமல் பார்த்துக்கொள்கிறது. ரத்தம் கெட்டியானால் இதயத்துக்கும் கர்ப்பத்துக்கும் ஆபத்து. உடம்பின் அவசர ஏற்பாடு வேறு, தலைமுறைகள் வடிகட்டி வைத்த ஏற்பாடு வேறு. இரண்டும் சில நேரம் எதிரெதிர்த் திசையிலேயே போகும்.

நேர்கோடு

திபெத்திய விஷயம் எனக்குப் புதிது. அந்த மரபணு வடிவம் எங்கிருந்து வந்தது? மலைக்குப் போன பிறகு உண்டானதா?

இலைநரம்பு

டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்தோடு கலந்ததில் வந்தது என்று 2014-ல் காட்டினார்கள். கூட்டத்துக்குள் கொஞ்சம் பேரிடம் ஏற்கெனவே இருந்தது. மேட்டுநிலத்தில் வாழ்ந்தபோது அதை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் அதிகம் பிழைத்தார்கள். அவ்வளவுதான்.

சிறகன்

வினாமகள், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வகுப்பில் காட்டக்கூடிய சான்று கலாபகஸ் தீவுகளில் இருக்கிறது. டார்வின் பெயர் சொல்லி எல்லோரும் எழுதுவதை நான் திரும்ப எழுதவில்லை. 1973-லிருந்து பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் பறவைகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டார்கள். ஆண்டுதோறும்.

1977-ல் கடும் வறட்சி. புல் விதை, சிறு விதை எல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. மிஞ்சியது நெருஞ்சி இனத்து முள்காய். அதை உடைக்கப் பருத்த அலகு வேண்டும். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற பறவையில் 100-க்கு 85 செத்தன. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை பருத்த அலகுக்காரர்கள். அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் சராசரி அலகு ஆழம் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது.

இதில் எந்தப் பறவையும் தன் அலகை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஒரு பறவைக்குக்கூட அலகு வளரவில்லை. மெல்லிய அலகுக்காரர்கள் செத்தார்கள், பருத்த அலகுக்காரர்கள் குஞ்சு பொரித்தார்கள். மாறியது கூட்டத்தின் சராசரி.

1982-83-ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடாகிப் பெருமழை கொட்டிய காலம். தீவே பச்சைப்பசேல் என்று மாறியது, சிறு விதைகள் குவிந்தன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சிறிய அலகுக்காரர்கள் கை ஓங்கியது, சராசரி திரும்பிப் போனது. எது 'நல்ல அலகு' என்று கேட்டால் எந்த ஆண்டுக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

வினாமகள்

இந்த 'செத்தது, பிழைத்தது' என்ற பகுதியைத்தான் பாடம் மறைத்துவிடுகிறது என்று இப்போது புரிகிறது. கடல் பக்கம் யாராவது எழுதுவீர்களா? ஆழத்தில் இரவு பகல் வித்தியாசம்கூடக் கிடையாது, உயிர்கள் எதைப் பிடித்துக்கொண்டு பிழைக்கின்றன?

ஆழிசூழ்

எழுதுகிறேன். எனக்குப் பிடித்தது அண்டார்டிகா மீன்கள்.

அங்கே கடல்நீரின் வெப்பநிலை மைனஸ் 1.9 டிகிரி. உப்பு இருப்பதால் நீர் உறையவில்லை. சாதாரண எலும்புமீனின் ரத்தத்தில் அவ்வளவு உப்பு இல்லை, மைனஸ் 1 டிகிரி எட்டுவதற்கு முன்பே அது உறைந்துவிடும். அப்படியானால் அங்கே மீனே இருக்கக் கூடாது. இருக்கிறது. 1960களில் ஆர்தர் டெவ்ரீஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார்: ரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம். உள்ளே புகும் நுண்ணிய பனித்துகளின் மேல் அது போய் ஒட்டிக்கொள்ளும், துகள் வளராது. மீனின் உடம்பில் பனித்துகள் இருக்கும், ஆனால் உறையாது.

இந்தப் புரதம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை அசத்திய விஷயம். செரிமானத்துக்கான ட்ரிப்சினோஜென் என்ற நொதியின் மரபணுவில் ஒரு துண்டு பிரதியாகி, திரும்பத் திரும்ப அடுக்கி, இப்படி ஆகியிருக்கிறது. வயிற்று வேலைக்கு இருந்த சரக்கு ரத்தத்தைக் காக்க வந்துவிட்டது. பூமியின் மறுமுனையில் ஆர்க்டிக் காட் மீனிடமும் கிட்டத்தட்ட அதே புரதம் இருக்கிறது. ஆனால் அதன் மரபணு வேறு வழியில், எந்த வேலையும் செய்யாமல் கிடந்த டி.என்.ஏ. பகுதியிலிருந்து உருவானது. தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள், ஒரே தீர்வு.

அதே அண்டார்டிகாவில் பனிமீன் என்ற குடும்பம் ஒருபடி மேலே போய்விட்டது. அதன் ரத்தம் சிவப்பே இல்லை, தெளிந்த நீர் போல இருக்கும். ஹீமோகுளோபின் செய்யும் மரபணுவையே இழந்துவிட்டது. முதுகெலும்புள்ள விலங்குகளில் வளர்ந்த பிறகும் ஹீமோகுளோபின் இல்லாமல் வாழ்பவை இவை மட்டும்தான். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், ரத்தத் திரவத்திலேயே கரைந்து போய்ச் சேரும். ஆனால் அது போதாது என்பதால் இதயம் பெரிதாக இருக்க வேண்டும், ரத்தமும் மற்ற மீன்களைவிடப் பல மடங்கு வேண்டும். நாள் முழுக்க அந்த இதயம் கூடுதலாக உழைக்கிறது. நீர் கொஞ்சம் சூடானால் ஆக்சிஜன் குறையும், மீனுக்கு வேறு வழியில்லை. இதை 'அற்புதத் தகவமைப்பு' என்று பாராட்டி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழப்பு நேர்ந்தது, குளிர்ந்த கடல் அதைப் பொறுத்துக்கொண்டது, உடம்பு அதைச் சுற்றிச் சமாளித்தது என்று சொல்வதுதான் நேர்மையாகப் படுகிறது.

கார்முகில்

ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவன வண்டு பற்றி யாரும் சொல்லவில்லையே? முதுகில் மேடுபள்ளம் வைத்து மூடுபனியிலிருந்து தண்ணீர் பிடிக்குமே, அதைப் பார்த்து மனிதர்களே வலை செய்கிறார்களாமே.

மணற்காற்று

கார்முகில், அந்தக் கதையில் இரண்டு வண்டுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மூடுபனி வரும் காலையில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது ஓனிமாக்ரிஸ் என்ற இனம். முதுகில் துளி திரண்டு வாய்க்கு வடியும். 1976-ல் ஹாமில்டனும் சீலியும் இதைப் பதிவு செய்தார்கள், ஒரு காலையில் உடல் எடையில் சராசரியாக 12 சதவீதம் தண்ணீர் ஏறியிருந்தது. அந்த வண்டின் முதுகில் மேடுகள் கிடையாது. மேடுபள்ளம் பற்றிய 2001 ஆய்வு வேறோர் இனத்து வண்டின் முதுகை வைத்துச் செய்தது, வலைகளுக்கு யோசனை தந்தது அதுதான். ஓனிமாக்ரிஸின் வெற்றி முதுகில் இல்லை, எந்த நேரத்தில் எங்கே போய் எப்படி நிற்பது என்ற நடத்தையில் இருக்கிறது. நடத்தையும் தகவமைப்புதான், அதைப் படம் போட்டுக் காட்ட முடியாததால் அட்டவணைகள் விட்டுவிடுகின்றன.

இலைநரம்பு

தாவரம் பக்கமும் 'விலை' பற்றி ஒரு வார்த்தை. ஆழிசூழ் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும், ஆனால் அதே துளை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். பாலைவனப் பகலில் திறந்தால் செடி காய்ந்துவிடும். கள்ளி என்ன செய்கிறது என்றால் இரவில் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லுக்குள் சேர்த்துவைத்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. ரணகள்ளியும் இப்படித்தான். அதன் இலை விடியலில் புளிக்கும், பிற்பகலில் புளிப்பு போய்விடும் என்று பெஞ்சமின் ஹெய்ன் எழுதியது 1815-ல் வெளியானது. காரணம் தெரியாத காலத்திலேயே நாக்கால் கண்டுபிடித்திருக்கிறார். அந்தச் செடியில் நச்சுப் பொருள்களும் உண்டு, மாணவர்களை மென்று பார்க்கச் சொல்லாதீர்கள். காலையும் மாலையும் இலையை நசுக்கி லிட்மஸ் தாளில் வைத்தாலே போதும்.

விலை என்ன? இரவில் சேர்த்துவைக்க இடம் கொஞ்சம்தான். அதனால் வளர்ச்சி படுமந்தம். வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வளரும் சகுவாரோ கள்ளி முதல் 8 ஆண்டுகளில் 4 செ.மீ.கூட எட்டுவதில்லை. கிளை விட 50 ஆண்டுக்கு மேல் ஆகும். தண்ணீர் தாராளமாக உள்ள இடத்தில் சாதாரணப் புல்பூண்டே அதை மூடி நிழலில் தள்ளிவிடும். கள்ளி பாலைவனத்தை விரும்பி அங்கே இருக்கவில்லை, மற்ற செடிகள் நிற்க முடியாத இடத்தில் நிற்கிறது.

ஆப்பிரிக்காவில் இதே உருவத்தில் யூஃபோர்பியா செடிகள் உண்டு. பார்த்தால் கள்ளி என்றே சொல்வீர்கள். கீறினால் பால் வடியும், சகுவாரோ போன்ற அசல் கள்ளியில் பெரும்பாலும் தெளிந்த நீர்தான் வரும். ஆழிசூழின் இரண்டு மீன்கள் மாதிரிதான் இதுவும்.

நேர்கோடு

சரி, ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்கிறது. என் கடைசிக் கேள்வி. எல்லாமே பழைய சூழலுக்குப் பொருந்தி வந்தவை என்றால், சூழல் வேகமாக மாறும்போது என்ன ஆகும்? 'உயிர்கள் எப்படியும் தகவமைத்துக்கொள்ளும், கவலைப்படாதே' என்று சொல்கிறார்களே?

சிறகன்

அதற்கு வட அமெரிக்காவின் பனிமுயலைப் பாருங்கள். கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. நிறம் மாறத் தொடங்கும் நேரத்தைத் தீர்மானிப்பது பகல் நீளம், பனி அல்ல. பகல் நீளம் எந்த ஆண்டும் ஏமாற்றாது, இத்தனை காலம் பனியும் அதோடு ஒத்துவந்தது. இப்போது பனி தாமதமாக வருகிறது, சீக்கிரம் உருகுகிறது. முயலோ தேதி தவறாமல் வெளுத்துவிட்டு, பழுப்பு மண்ணில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. தான் தெரிகிறோம் என்பது அதற்குத் தெரிவதில்லை, இடம் மாறிப் பதுங்குவதும் இல்லை. இப்படிப் பொருந்தாமல் இருக்கும் முயல்களின் பிழைப்பு வாரத்துக்கு 7 சதவீதம் வரை குறைகிறது என்று கழுத்துப்பட்டை ரேடியோ மாட்டிக் கணக்கிட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு 7 என்பது ஒரு பருவத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் பசிபிக் கரையோரம் பனி குறைவான பகுதிகளில் அதே முயல் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கிறது. அகூட்டி என்ற மரபணுவின் வேறு வடிவம். கருவால் முயலோடு எப்போதோ கலந்ததில் வந்தது என்று 2018-ல் கண்டறிந்தார்கள். இலைநரம்பு சொன்ன திபெத்திய மரபணு நினைவுக்கு வருகிறதா?

வினாமகள்

அப்படியானால் பழுப்பு வடிவம் மற்ற இடங்களுக்கும் பரவி முயல் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?

சிறகன்

பரவலாம், நிபந்தனைகளோடு. அந்த மரபணு வடிவம் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாததை இயற்கைத் தேர்வு தேர்ந்தெடுக்க முடியாது. முயல் சீக்கிரம் குட்டி போடும், தலைமுறை வேகமாகப் புரளும், அதனால் அதற்கு வாய்ப்பு அதிகம். சகுவாரோவுக்கும் பனிமீனுக்கும் அந்த வேகம் கிடையாது.

அதோடு முயல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வழியும் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் நிறம் மாறும் 8 இனங்களை 2018-ல் ஒன்றாகப் பார்த்தார்கள், முயல்கள், வீசல் எனப்படும் சிறு வேட்டை விலங்குகள், ஆர்க்டிக் நரி எல்லாம் சேர்த்து. வெள்ளையும் பழுப்பும் ஒரே கூட்டத்தில் கலந்து வாழும் பகுதிகளை வரைபடமாக்கினார்கள். சூழல் மாறும்போது புதிய சராசரி உருவாகி வெளியே பரவ அதிக வாய்ப்புள்ள இடங்கள் அவைதான். ஆனால் அவற்றில் பாதுகாக்கப்பட்ட பரப்பு குறைவு. காட்டைக் காப்பது என்றால் அரிய விலங்கு இருக்கும் காட்டை மட்டும் நினைக்கிறோம். இரண்டு வடிவமும் கலந்திருக்கும் சாதாரணக் காடுகளையும், அவற்றிலிருந்து வெளியே போகும் வழிகளையும் சேர்த்துக் காக்க வேண்டும்.